கோயில் ஓவியங்களின் நிறமும் நிலையும்



கொள்ளிடப் பேராற்றின் வடகரையில் கோயில் கொண்டருளும் வைத்தியநாதப் பெருமானையும் அழகம்மையையும் வணங்கி, இத்திருமழபாடித் திருவிழாவில் சில சொற்கள் சொல்ல முற்படுகின்றேன். பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகை அம்மைக்கும் நிகழும் திருமணத்தைக் காண, அரியலூர், பெரம்பலூர்ச் சீமையிலிருந்தும் ஆற்றுக்குத் தென்கரை ஊர்களிலிருந்தும் திரண்டு வந்திருக்கின்றீர்கள். மணப்பந்தலில் நின்றுகொண்டு சுவரையும் சுண்ணாம்பையும் பழைய ஓவியங்களின் நிறத்தையும் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். திருமண வீட்டில் முதற்கண் நடைபெறும் வேலை எது? சுவருக்கு வெள்ளையடிப்பது அன்றோ! வீட்டுச் சுவருக்கு அழகு தரும் அவ்வேலை, கோயிற் சுவரில் என்ன செய்துவிடக்கூடும் என்பதை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம்.

இத்தலத்துக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பு பெரிது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாலம்பொழிலில் துயின்றபோது, இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வருவதை மறந்தாயோ என்று வினவினான் என்பது நாம் அறிந்த வரலாறு. விழித்தெழுந்த சுவாமிகள் ஆற்றைக் கடந்து வந்து இப்பெருமானைப் பாடினார். அத்திருப்பதிகம் தொடங்கும்போதே பொன்னின் நிறம், சடையின் செந்நிறம், கொன்றையின் மஞ்சள் என்று நிறங்களாகவே நம் கண்முன் விரிகின்றது. சொல்லால் எழுதிய ஓவியம் அது. நாவில் வாழும் அவ்வோவியத்துக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதன் பொன் மாற்றுக் குறையவில்லை.

ஆனால் அதே சுந்தரரைச் சுவரில் எழுதியவர்களும் நம் நாட்டில் இருந்தனர். இங்கிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து தெற்கே சென்றால் தஞ்சைப் பெரிய கோயில். மாமன்னன் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் அளித்து நிறைவு செய்த அத்திருக்கோயிலின் கருவறையைச் சுற்றி, இருண்டதொரு உள்சுற்று இருக்கின்றது. அதன் சுவர்களிலே ஆலமர் செல்வர் எழுந்தருளியிருக்கின்றார். திரிபுரம் எரித்த பெருமான் வில்லேந்தி நிற்கின்றார். தில்லைக் கூத்தனை அரசனும் தேவியரும் வழிபடுகின்றனர். இவற்றோடு சுந்தரர் வரலாறும் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கின்றது. புத்தூரில் நின்றுபோன திருமணம், ஓலையோடு வந்த முதியவர், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கு, இறுதியில் வெள்ளை யானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி ஆகிய யாவும் அங்கே உள்ளன.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கருதல் வேண்டும். சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடியருளியது 12ஆம் நூற்றாண்டு. தஞ்சை ஓவியமோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. ஆகவே சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு முன்பே, சுந்தரர் வரலாற்றைத் தமிழ் மக்கள் எவ்வாறு மனத்தில் கண்டனர் என்பதற்கு அச்சுவர் சான்றாக நிற்கின்றது. ஓர் ஏடு செல்லரித்தால் வேறோர் ஏட்டைத் தேடலாம். சுவரோவியத்துக்கு மறுபடி கிடையாது. அதில் ஒரு கையளவு நிறம் உதிர்ந்தால், உதிர்ந்தது உதிர்ந்ததே. ஆதலின், அந்நிறங்கள் எப்படி நின்றன, எப்படி மங்குகின்றன என்று அறிவது கலைஞர்க்கு மட்டும் உரிய கல்வி அன்று. கோயிலுக்கு வரும் ஒவ்வோர் அடியாருக்கும் உரியது.

சுண்ணமும் மண்ணும்

ஓவியத்தின் உயிர் நிறத்தில் இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது சுவரில் இருக்கின்றது. சுவரின் வலிமையை விளக்க உங்களுக்கு வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இந்த அரியலூர் மண்ணே போதும். இங்குள்ள சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்டு ஆலைகள் பல எழுந்திருப்பதை அறிவீர்கள். அக்கல் எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பின்மீது கடல் பரந்திருந்தது. அக்கடலில் வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும் பிறவும் மடிந்து படிந்து கல்லாயின. இன்றும் ஓடைகளிலும் கல் வெட்டும் குழிகளிலும் சங்கு போலச் சுருண்ட கற்கள் அகப்படுகின்றன. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கின்றது. 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டு உலகுக்கு உரைத்தார்.

சிப்பி கல்லானதற்கு எத்தனையோ ஊழி ஆயிற்று. ஆனால் அந்தக் கல்லை மீண்டும் மாவாக்கி, மாவை மீண்டும் கல்லாக்கும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமிலவாயு வெளியேறுகின்றது. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துக் குமுறி நீறாகின்றது. அந்த நீற்றைக் குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீண்டும் சிறிது சிறிதாக உட்கொண்டு பழையபடி கல்லாகின்றது. சுவர் ஈரமாக இருக்கும்போதே ஓவியன் நீரில் குழைத்த நிறத்தைத் தீட்டினால், கல்லாக மாறும் சுண்ணம் அந்நிறத்தையும் தன்னுள் பிணைத்துக்கொள்கின்றது. பசை வேண்டியதில்லை, கல்லே பசையாகின்றது.

தஞ்சைச் சோழர் ஓவியங்கள் இம்முறையில் ஆனவை என்பதை, சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சார்ந்த வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்து எழுதினார். இம்முறையில் ஓவியனுக்குப் பொழுது மிகக் குறைவு. ஈரம் உலர்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டும். பிழைத்தால் அழிக்க இயலாது; பூச்சையே கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும். அப்படியிருந்தும் சுந்தரர் ஏறிய யானையின் நடையிலும், ஆடல் மகளிரின் விரல் நுனியிலும் தயக்கத்தின் சாயலைக்கூட நாம் காண்பதில்லை. கை தவறாத பயிற்சியும், மனம் தவறாத அன்பும் ஒருங்கே இருந்தாலன்றி இது கூடுமோ?

நிறத்தின் இயல்பு

சுவர் நல்லதாயினும் எல்லா நிறமும் அதில் நில்லா. இதற்கும் உங்கள் வீட்டுப் பூசையிலேயே சான்று உண்டு. ஆலத்தி சுற்றும்போது மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டால் என்ன ஆகின்றது? மஞ்சள் நொடியில் சிவந்துவிடுகின்றது. மஞ்சட்கிழங்கின் நிறத்தைச் சுண்ணச் சுவரில் தீட்டியவன் கதியும் அதுவே. மஞ்சளாக எழுதியது சிவப்பாக நிற்கும். பின்னர் வெளிச்சம் பட்டு அச்சிவப்பும் வெளிறிப்போகும். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுக்கும் சாயங்கள் பலவற்றின் இயல்பு இத்தகையதே. துணிக்கு அழகு செய்யும் அவை, சுவருக்கு நெடுந்துணை ஆகா.

நின்று நிலைப்பவை மண்ணும் கல்லும் கரியுமே. செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பு கலந்த மண். அவற்றின் நிறமே இரும்புத் துருவின் நிறம். முன்பே துருப்பிடித்துவிட்ட ஒன்றை வெயிலும் காற்றும் இனி என்ன செய்துவிட முடியும்? ஆகையால் எல்லா நாட்டுப் பழஞ்சுவர்களிலும் காவி நிறம் இறுதிவரை நிற்கக் காண்கின்றோம். காவிக்கும் ஒரு பகை உண்டு, அது நெருப்பு. மஞ்சட்காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் செங்காவியாகிவிடும். வெண்மைக்குச் சுண்ணமும், கருமைக்கு விளக்குக் கரியும் மரக்கரியும், பசுமைக்குப் பச்சை மண்ணும் அமைந்தன. இவையும் நெடுங்காலம் நிற்பவை. ஆழ்ந்த நீலத்தைத் தரும் இராசாவர்த்தக் கல்லோ நம் நாட்டுக்கு அரிய பொருள். அது ஆப்கானித்தானத்து மலைகளில் தோண்டி எடுக்கப்பட்டு, அசந்தா வரை வந்திருக்கின்றது. நிறத்துக்காக நம் முன்னோர் எவ்வளவு தொலைவு சென்றனர் பாருங்கள்!

பார்வைக்குப் பொலிவும் பயனில் வஞ்சகமும் உள்ள நிறங்களும் உண்டு. ஈயத்தால் ஆகிய வெள்ளை முதலில் பால்போல் ஒளிரும். காலப்போக்கில் காற்றின் கூட்டுறவால் கறுத்துவிடும். இத்தாலி நாட்டு அசிசி நகரத் தேவாலயத்தில் சிமாபுயே என்னும் பேரோவியர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சுவரோவியம் இன்று புகைப்படச் சுருளைப் போல் வெளுப்பும் கறுப்பும் தலைமாறி நிற்கின்றது. சீன நாட்டுத் துன்ஹுவாங் குகைகளில், ஈயச் செந்தூரம் கலந்து சிவந்த மேனியினராய் எழுதிய உருவங்கள் பல பழுப்பும் கறுப்புமாய் மாறிவிட்டன. அறியாதார் அவற்றைக் கண்டால், அவ்வோவியர் கருநிறத்தையே விரும்பினர் என்று கருதுவர்.

இரசமும் கந்தகமும் கூடிய சாதிலிங்கமும் அவ்வாறே. உரோமாபுரியின் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ், கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் எழுதிய தம் நூலில் ஒரு செய்தி சொல்கின்றார். ஃபாபேரியஸ் என்ற எழுத்தர் தம் மாளிகையின் திறந்த சுற்றுக்கட்டுச் சுவர்களுக்கெல்லாம் சாதிலிங்கம் பூசினார். முப்பது நாளில் அது நிறம் கெட்டு அருவருப்பாயிற்று. மறுபடி வேறு நிறம் பூச நேர்ந்தது. வெயில் படாத உள்ளறையில் அதே நிறம் நிற்கும் என்பதையும் அவர் கூறுகின்றார். ஆகவே நிறத்தின் ஆயுள் பொருளால் மட்டும் அமைவதில்லை. இருக்கும் இடத்தாலும் அமைகின்றது.

பகை எங்கிருந்து வருகின்றது?

சுவரோவியத்தின் முதற்பகை நீர். மேற்கூரையில் விரிசல் கண்டால், மழைநீர் கல்லிடுக்கில் இறங்கி, வழியிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவர்முகத்துக்கு வருகின்றது. நீர் உலர்ந்துபோகும், உப்பு அங்கேயே தங்கி ஊசிபோல் வளரும். அவ்வளர்ச்சியே பூச்சை உள்ளிருந்து தள்ளிப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கின்றது. நிறம் மங்கியது என்று நாம் வருந்தும் இடங்களிற் பலவற்றில் நிறம் மங்கவில்லை. நிறத்தைத் தாங்கிய பூச்சே போய்விட்டது. விதானத்தில் எழுதிய ஓவியங்களுக்கு இத்துன்பம் இன்னும் மிகுதி. தில்லைச் சிவகாமியம்மை சந்நிதி விதானத்திலும், திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்திலும் நாயக்கர், மராட்டியர் காலத்து ஓவியங்கள் இருப்பதை அறிவீர்கள். அத்தகைய இடங்களில் கூரையின் ஒழுக்கை அடைப்பதே முதற்பெரும் திருப்பணி.

இரண்டாம் பகை புகை. இதனைச் சொல்ல எனக்கே மனம் வருந்துகின்றது. எண்ணெய் விளக்கின் கரியும், கற்பூரத்தின் புகையும், சாம்பிராணியின் பிசினும் நாள்தோறும் நூலளவு படிந்து, நூறாண்டில் கரும்போர்வை ஆகின்றன. அதன்மீது தூசு ஒட்டுகின்றது. வௌவாலின் எச்சம் சேர்கின்றது. அன்பினால் ஏற்றிய விளக்குத்தான். ஆனால் அன்பு எங்கே ஏற்ற வேண்டும் என்று அறியாதபோது, இறைவன் திருமுகத்தையே மறைத்துவிடுகின்றது. திருமுன்னர் ஏற்றும் விளக்கை யாரும் குறை சொல்லார். ஓவியச் சுவரின் மாடத்திலும், சுவரடியிலும் ஏற்றுவதையே விலக்குதல் வேண்டும்.

மூன்றாம் பகை நம் மூச்சு. கேட்கப் புதுமையாக இருக்கும். பிரான்சு நாட்டில் லாஸ்கோ என்னும் குகையில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ள விலங்கு ஓவியங்கள் 1940இல் வெளிப்பட்டன. 1948இல் மக்கள் காணத் திறந்தனர். கூட்டம் கூட்டமாய் வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் வெம்மையும், விளக்கொளியில் வளர்ந்த பாசியும் ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கவே, 1963இல் மூடிவிட்டனர். பல்லாயிரம் ஆண்டு கெடாதது பதினைந்தே ஆண்டில் கெடத் தொடங்கிற்று! தஞ்சை உள்சுற்றில் எல்லோரையும் விடுவதில்லையே என்று மனக்குறைப்படுபவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான்காம் பகை நல்லெண்ணம்! ஆம், நல்லெண்ணமே. அசந்தாக் குகைகளில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓவியங்கள் உதிராமல் காக்கும் நோக்கத்தோடு அரக்கு மெருகு பூசப்பட்டது. பூசியபோது நிறங்கள் பளபளத்தன, கண்டவர் மகிழ்ந்தனர். ஆண்டுகள் செல்ல அம்மெருகு பழுத்து மஞ்சளாகிப் பிளந்து, அடியிலுள்ள நிறத்தையும் இழுக்கத் தொடங்கிற்று. பின்னர் வந்த தொல்லியல் துறை வேதியியலார் அதனை அங்குலம் அங்குலமாக நீக்க வேண்டியதாயிற்று.

மறைந்ததும் வெளிப்பட்டதும்

இனி நம் வெள்ளையடிப்புக்கு வருவோம். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் இராசசிம்ம பல்லவனால் ஏறத்தாழ 700ஆம் ஆண்டளவில் எடுக்கப்பெற்றது. அக்கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிறு கோயில்களின் உட்சுவர்களில் பல்லவர் கால ஓவியங்கள் இருந்தன. பின்வந்தோர் அடுக்கடுக்காகச் சுண்ணம் பூசினர். கீழே ஓவியம் இருந்தது என்பதே மறந்துபோயிற்று. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ஜூவோ துப்ரேய் 1931இல் அப்பூச்சின் அடியில் நிறத்தின் சுவடுகளைக் கண்டறிந்தார். அங்கே இன்று எஞ்சியிருப்பவை சில முகங்களும், சில கைகளும், சோமாஸ்கந்தர் திருவுருவத்தின் சில பகுதிகளும், சில கோடுகளுமே. சுண்ணத்தோடு ஒட்டிப் போனவை எத்தனை என்று யார் அறிவார்?

அதே 1931ஆம் ஆண்டில்தான் தஞ்சையிலும் ஒரு வாயில் திறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கின் துணையோடு அவ்விருண்ட உள்சுற்றில் நுழைந்தார். அங்கே அவர் முதலில் கண்டவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடத்தை உற்று நோக்கியபோது, அதன் அடியில் வேறொரு கை தீட்டிய வேறொரு நிறம் தெரிந்தது. அதுவே சோழர் ஓவியம். 17ஆம் நூற்றாண்டில் அதன்மீது புதிய பூச்சிட்டுப் புதிய ஓவியம் எழுதியிருந்தனர். முன்னூறு ஆண்டுகளாக ஒரு வழிபாடு இன்னொரு வழிபாட்டைப் போர்த்தியிருந்தது!

நாயக்கர் காலத்தார் பகைமையால் இதைச் செய்யவில்லை. மங்கிய சுவரைப் புதுப்பிக்கும் பக்தியால் செய்தனர். அவர்களின் மேற்பூச்சே ஒளியையும் புகையையும் தடுத்துப் பழைய நிறத்தைப் பெரிதும் காத்தது என்பதும் உண்மை. இருளும் அதற்குத் துணையாயிற்று. சைவ நூல்கள் இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, அதுவும் அருளே என்று கூறும். தஞ்சைச் சுவரைக் காணும்போது அவ்வுண்மை நினைவுக்கு வருகின்றது. எனினும் காஞ்சியில் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. மறைத்துக் காப்பது இறைவன் செயல். நாம் மறைத்தால் காக்கப்படும் என்று நம்பிப் பூச்சுமட்டையைக் கையில் எடுப்பது பேதைமை.

தஞ்சையில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. கீழுள்ள சோழர் ஓவியத்தைக் காண வேண்டின் மேலுள்ள நாயக்கர் ஓவியத்தை என்ன செய்வது? அதுவும் நானூறு ஆண்டு பழமை உடையதன்றோ! மேலதைச் சுரண்டி எறிந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார் அவ்வாறு செய்யவில்லை. மேற்பூச்சை ஓவியத்தோடு பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர். அடியில் இருந்ததும் பிழைத்தது. மேலே இருந்ததும் பிழைத்தது. தாயையும் சேயையும் ஒருங்கே காத்த மருத்துவம் என்று இதனைச் சொல்லலாம்.

மழபாடி காட்டிய நெறி

இந்த அறிவு நமக்கு மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் அமர்ந்திருக்கும் இத்திருக்கோயிலே அதற்குச் சான்று. இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013இல், இத்திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர்களிலோ முன்னோர் அளித்த அறக்கட்டளைகள் கல்வெட்டுகளாக இருந்தன. பேரரசன் நினைத்திருந்தால், புதிய கோயிலில் தன் புகழை மட்டும் பொறித்திருக்கலாம். அவ்வாறு அவன் செய்யவில்லை. பிரிக்கும் முன்னே, சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். கோயில் எழுந்தபின், அவன் மைந்தன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், அப்படிகளைப் பார்த்து மீண்டும் கல்லில் பொறித்தனர். தந்தை இட்ட ஆணையை மகன் காலத்தில் நிறைவேற்றினர். பதின்மூன்று ஆண்டு அந்தப் புத்தகத்தை யாரோ ஒருவர் பொறுப்போடு காத்திருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் செய்த தொண்டால்தான் பழைய அறங்கள் மறையாமல் நின்றன.

முதலில் படியெடு, பிறகு கைவை. இதுவே மழபாடிக் கோயில் நமக்குக் காட்டும் நெறி. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்வெட்டுக்குச் செய்ததை இன்று நாம் ஓவியத்துக்கும் செய்யத் தவறினால், அறிவில் முன்னேறியவர்கள் என்று எவ்வாறு சொல்லிக்கொள்வது?

படியெடுப்பதும் போதாது, மூலத்தையும் காக்க வேண்டும் என்பதற்கு அசந்தா ஓவியங்களின் வரலாறு சான்று. ராபர்ட் கில் என்பவர் பல ஆண்டுகள் அக்குகைகளில் தங்கி எழுதிய படிகளிற் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நேர்ந்த தீயில் வெந்தன. பின்னர் கிரிஃபித்ஸ் என்பவரும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களும் எழுதிய படிகளில் பல 1885இல் இலண்டனிலேயே வேறொரு தீயில் எரிந்தன. படியும் அழியலாம், மூலமும் அழியலாம். இரண்டும் இருந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று துணையாகும்.

காலத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவது நம் வழக்கம். கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலின் கற்களைப் பெயர்த்தது காலமா? 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக மனிதர் பெயர்த்தெடுத்தனர். உழவுக்கு நீர் தந்த அணை நல்லதே. ஆனால் போன மதில் போனதே. அதுபோலவே, காவியும் கரியும் சுண்ணமும் ஆயிரம் ஆண்டு நிற்க வல்லவை. அவற்றை ஒரு நாளில் அழிக்க வல்லது மனிதன் கை ஒன்றே.

நம் கடமை

அன்பர்களே! உங்கள் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்த ஊரார் கூடும்போது, நன்கொடை எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். இச்சுவரில் பழைய நிறத்தின் சுவடு எங்கேனும் தெரிகின்றதா? மூலையில் ஒரு கோடு, விதானத்தில் ஒரு மலர், தூணின் தலையில் ஒரு திருமுகம் தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். அவ்விடத்தைத் தெளிவாகப் புகைப்படம் எடுத்து வையுங்கள். தொல்லியல் அறிந்தவர்களை அழைத்துக் காட்டுங்கள். அதுவரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டா. துணியால் துடைக்க வேண்டா. வெள்ளையும் அடிக்க வேண்டா.

கற்சுவரின் அழுக்கைப் போக்க மணலை வேகமாய் வீசிச் சுரண்டும் முறையால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றார்கள். கல்லெழுத்தே தேயும் என்றால், கல்லின்மேல் பூசிய மெல்லிய நிறத்தின் கதி என்ன? இக்காலத்து எண்ணெய் வண்ணங்களும் அவ்வாறே தீங்கு செய்யும். சுண்ணச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் எண்ணெய் வண்ணம் போர்த்தினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, பூச்சு வீங்கி, சுவரோடு பிரிந்து விழும். ஐந்து ஆண்டு பளபளப்புக்காக ஐந்நூறு ஆண்டுச் சுவரை இழப்பது அறிவுடையோர் செயல் ஆகுமா?

மங்கிய ஓவியம் பூசைக்கு உகந்ததாகுமோ என்று சிலர் வினவுவர். வயது முதிர்ந்த தாயின் முகத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது என்று யாராவது அம்முகத்தின்மேல் வேறு முகம் எழுதுவார்களா? அச்சுருக்கத்தில்தான் நம்மை வளர்த்த வரலாறு இருக்கின்றது. மங்கிய நிறத்தின் முன் நின்று, இதனைத் தீட்டிய கை யாருடையது, இதனைக் கண்டு கண்ணீர் வடித்தவர் எத்தனை தலைமுறையினர் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணமும் ஒரு வழிபாடே.

பூத்தொடுப்பதும், விளக்கேற்றுவதும், திருவலகிடுவதும் தொண்டு என்று நம் பெரியோர் வகுத்துச் சென்றனர். உழவாரம் ஏந்திய அப்பரடிகள் புல்லைத்தான் செதுக்கினாரேயன்றிக் கல்லைச் செதுக்கவில்லை. எதை நீக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அறிந்து செய்வதே தொண்டு. சில இடங்களில் கை நீட்டுவது தொண்டு. சில இடங்களில் கையை மடக்கிக்கொள்வதே தொண்டு.

கனவில் வந்து, மறந்தாயோ என்று சுந்தரரைக் கேட்ட பெருமான் இவன். அவ்வினாவை இன்று நம்மையும் நோக்கிக் கேட்கின்றான் என்று கொள்வோம். முன்னோர் நமக்காக எழுதி வைத்துச் சென்றவற்றை மறவாதிருப்போம். நம் கையால் அவை மறையாமலும் பார்த்துக்கொள்வோம். மழபாடி மேவிய மாணிக்கத்தின் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.